கூடிப்போன சந்தனம்

பண்டத்தரிப்பில் சிறிய மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒருமுறை ஆயுத பூசை முடிந்த பிறகு, ஒரு வீட்டு வாசல் நிலைக்காகப் பட்டைவாள் மெசினில் முதிரை மரம் அறுத்தேன். மரம் ஒரு முனையில் அகலமும் மறுமுனையில் ஒடுக்கமுமாக வந்தது. மரத்தை அணைத்துத் தள்ளும் சட்டம் வாளுக்கு நேராக நிற்கவில்லை. நிலை வைக்க வீட்டுக்காரர் நாளும் பார்த்துவிட்டார். மிச்சமிருந்த மரமோ இன்னொரு பிழையைத் தாங்காது.

என்னோடு வேலை செய்யும் மனைவியின் தம்பி மீது பாய்ந்தேன்.

“நீ உதிலை சாய்ஞ்சு தேத்தண்ணி குடிச்சுத்தான் உது கோணிப்போச்சு!”

“நான் சாய வளையிறதுக்கு அதென்ன அத்தான், வாழைத்தண்டே?”

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அந்தச் சட்டம் நகரும் இரும்புத் தண்டவாளத்தைக் கழற்றினோம். மேசையோடு பொருந்தும் பக்கத்தில், ஒரு முனையில், கல்லாய்க் காய்ந்த சந்தனக் கட்டி இருந்தது. பூசைக்காக அதைக் கழற்றித் துடைத்து, முன்னும் பின்னும் பெரிய பொட்டு வைத்துப் பூட்டியவன் நான்தான்.

“பக்தி கொஞ்சம் கூடிப்போச்சு, அத்தான்,” என்றான்.

சந்தனத்தைச் சுரண்டிப் பூட்டியதும் சட்டம் நேரானது. நிலையும் குறித்த நாளில் ஏறியது.

இப்போது பூசைக்கு மெசினின் மூடியில் ஒரேயொரு பொட்டுத்தான். மிச்சச் சந்தனம் முழுவதையும் மச்சானின் நெற்றியில் அப்பிவிடுகிறேன். அவன் எவ்வளவு முகம் சுளித்தாலும், மரம் நேராகத்தான் வருகிறது.