மாமி உடுத்திவிட்ட சாறிகள்

எங்கள் சின்னம்மாவைச் செத்தவீட்டுக்குக் கூட்டிப்போவதைப்போலக் கரைச்சலான வேலை வேறில்லை. மற்றப் பெண்கள் பெட்டியைச் சுற்றி இருந்து அழுவார்கள், செபமாலை சொல்லுவார்கள். சின்னம்மா எழும்பிப்போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அம்மாவின் தங்கச்சியான அவர் ஓவியர். வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார். பகலில் பள்ளிக்கூடமொன்றில் சித்திரம் படிப்பித்தார், மிச்ச நேரமெல்லாம் படம் கீறினார். ஏன் இன்னும் கலியாணம் கட்டவில்லை என்று கேட்டவர்கள் எல்லாரும் ஒருமுறைதான் கேட்டார்கள். இரண்டாம் முறை கேட்கிற துணிவு ஒருவருக்கும் வரவில்லை.

நாங்கள் கொழும்பின் மற்றப் பக்கம், கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் கிளார்க். மாமா செத்த பிறகு அப்பாவின் அக்காவும் எங்களோடு வந்து இருந்தார். அவர்தான் மாமி. காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு போய், பெரிய ரோட்டில் இருந்த ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்துவிட்டுப் பின்னேரம் வருவார். கவுண்டரில் நின்று ரசீதுத் துண்டு எழுதிக் கொடுக்கிற வேலை என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வடக்கில் சண்டை நடந்த காலம், நான் சின்னப்பிள்ளை. ரோட்டுக்கு ரோடு சோதனைச் சாவடி இருந்தது. அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் படம் எடுக்க வருகிற சனத்தால் ஸ்டூடியோவில் எந்த நாளும் கூட்டம்தான்.

ஒருநாள் பக்கத்துத் தெருச் செத்தவீட்டில் சின்னம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுவரடிக்குப் போனார். அங்கே செத்தவரின் தாயாருடைய படம் தொங்கியது. எங்கள் பகுதியில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. உயிரோடு இருக்கிறவர்களின் படம் அல்பத்துக்குள் கிடக்கும். ஆள் செத்துப்போனால், இருக்கிற கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கி, அதற்குக் கையால் கலர் போட்டு, சட்டம் அடித்துச் சுவரில் ஏற்றிக் கீழே ஒரு சிவப்பு பல்பைக் கொளுத்திவிடுவார்கள். உயிரோடு இருக்கிறவரின் படத்துக்கு அப்படிக் கலர் போடக்கூடாது, ஆயுசுக்கு ஆகாது என்பார்கள். கலர் போட்டாயிற்று என்றால் ஆள் இல்லை.

"இந்தப் பச்சையைப் பார்," என்றார் சின்னம்மா. "சாறி மடிப்புக்குள்ள ஊதா வைச்சிருக்கிறதைப் பார். ஐயோ, இது கை!"

அழுதுகொண்டிருந்த மகனிடம் போய், இதற்குக் கலர் போட்டது யார் என்று கேட்டார். அந்த மனிசன் "ஸ்டூடியோவில செய்தது" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினார். அம்மாவுக்கு மானம் போயிற்று.

அதற்குப் பிறகு சின்னம்மா கொட்டாஞ்சேனையில் எந்த வீட்டுக்குள் கால் வைத்தாலும் முதலில் சுவரைத்தான் பார்த்தார். எல்லாச் சுவரிலும் ஒரே கை என்று அடித்துச் சொன்னார். ஸ்டூடியோவுக்கே போய்க் கேட்டார். முதலாளி சிரித்து, "எங்கட ஸ்டூடியோ வேலை மிஸ்" என்றதோடு சரி. மாமி அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டிலும் சின்னம்மா இதே கதைதான். "அந்த ஆளைப் பிடிக்காமல் விடமாட்டன். ஆரோ ஒரு கிழவனாத்தான் இருக்கவேணும். இல்லாட்டி இந்தப் பொறுமை வராது."

மாமி மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "கிழவனும் இல்லை, குமரனும் இல்லை. நான்தான். அந்தச் சொதியை இஞ்சால தள்ளு பிள்ளை."

அப்பா பிசைந்த சோற்றோடு கையைத் தூக்கியபடியே இருந்தார்.

"ஏன் மச்சாள் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?" என்று சின்னம்மா கத்தினார்.

"ஆர் கேட்டது?" என்றார் மாமி.

அம்மாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "கையில வெண்ணெயை வைச்சுக்கொண்டு நெய்க்கு அலைஞ்சிருக்கிறாய்!" என்று தங்கச்சியைப் பகிடி பண்ணினார். சின்னம்மா சிரிக்கவில்லை. எழும்பிப்போய் எச்சில் கையோடேயே மாமியைக் கட்டிப்பிடித்தார். மாமியின் சட்டையில் சொதி பட்டுவிட்டது. அதற்கும் ஒரு ஏச்சு விழுந்தது.

சின்னம்மாவுக்கு ஒரு காரியம் தலைக்குள் ஏறினால் இறங்காது. தன்னுடைய படங்களை வைப்பதற்கென்று பெரிய ஆட்கள் இருக்கிற கறுவாத்தோட்டத்தில் ஒரு மண்டபம் எடுத்து வைத்திருந்தார். அந்தப் படங்கள் எல்லாம் அப்படியே கட்டிலுக்குக் கீழே கிடக்கட்டும், மண்டபம் மச்சாளுக்கு என்றார். மாமி யோசித்துத்தான் சம்மதித்தார். ஒரேயொரு நிபந்தனை போட்டார். தன்னுடைய பெயர் போடவேண்டும், தகப்பன் பெயரோடு முழுப்பெயர், ஸ்டூடியோவின் பெயருக்குக் கீழே அல்ல.

முதலாளியின் காதுக்கு விசயம் போக அதிக நேரம் பிடிக்கவில்லை. இந்தப் பெயர் சுவரில் ஏறினால் அடுத்தநாள் வேலைக்கு வரத்தேவையில்லை என்று சொல்லிவிட்டார். அப்பா பயந்துபோனார். சும்மாவே ஒருவருக்கும் ஒன்றும் நிச்சயமில்லாத காலம். "பேர் சோறு போடுமோ அக்கா?" என்று கேட்டார்.

"இவ்வளவு நாளும் சோறு போட்டது பேரில்லை, கை. கை என்னோடதான் வரும்," என்றார் மாமி. அப்படி வாய்ச்சொல்லில் வெட்டினாரே தவிர, அன்று பின்னேரம் தேத்தண்ணியைச் சீனி போட மறந்து குடித்து முடித்ததை நான் பார்த்தேன்.

சாறியில்தான் கை தெரியும், தாய்மாரின் படங்கள் மட்டும் போதும் என்றார் சின்னம்மா. அவற்றைச் சேர்ப்பதுதான் பெரும்பாடாகப் போயிற்று. சுவரில் ஏறினவரை இறக்கக்கூடாது என்று வீட்டுக்கு வீடு மறுத்தார்கள். கடைசியில் எங்கள் பக்கத்துவீட்டுத் தையல்கார அன்ரிதான் வழி காட்டினார். "அம்மாவைத் தனிய அனுப்பமாட்டன். நானும் வாறன்," என்றார். அதைக் கேட்டு மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். கண்காட்சியன்று கொட்டாஞ்சேனையிலிருந்து போன வானுக்குள் ஒவ்வொரு மகளும் தன் தாயை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நானும் ஒரு தாயை வைத்திருந்தேன். அவரை யாரென்றே எனக்குத் தெரியாது, ஆனால் நல்ல பாரம்.

மண்டபத்தில் சுவர் நிறையப் படங்கள். நடுவில் மாமியின் பெயர், சின்னம்மா தன் கையாலேயே எழுதியது. கறுவாத்தோட்டத்துக் கலை ஆட்கள் கைத்தறிச் சாறியும் தோள்பையுமாக வந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். எங்கள் ஆட்களோ பையிலிருந்து பூமாலையை எடுத்தார்கள். தாய்மாரை ஒரே இடத்தில் வைத்து நினைவுகூருகிற பூசை என்றுதான் அவர்கள் விளங்கிக்கொண்டிருந்தார்கள்! ஒவ்வொரு படத்துக்கும் மாலை விழுந்தது. கீழே மெழுகுதிரி எரிந்தது. வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஊதுபத்தி கொளுத்தியது. ஒரு மூலையில் செபமாலை தொடங்கிவிட்டது. இன்னொரு மூலையில் கடலை வடையும் பால் விடாத பிளேன்ரீயும் கைமாறின.

"ஐயோ, இது கண்காட்சி, திவசம் இல்லை!" என்று சின்னம்மா தலையில் கை வைத்தார். ஒருவரும் காதில் வாங்கவில்லை. கலை ஆட்களும் வடையைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

யாரோ போன் பண்ணியிருக்கவேண்டும். இரண்டு பொலிஸ்காரர்கள் வந்து வாசலில் நின்றார்கள். தமிழ் வீட்டுப் படமொன்றுக்கு மாலை விழுந்தால், செத்தது இயக்கப் பெடியனோ என்று சந்தேகப்படுகிற காலம் அது. செபமாலை பாதியில் நின்றது. அம்மா என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார். "மே கொல்லோ கவுத?" இந்தப் பெடியள் எல்லாம் யார் என்று மூத்த பொலிஸ்காரர் கேட்டார்.

"ஒக்கொம அம்மலா, மஹத்தயா," என்றார் சின்னம்மா. எல்லாரும் அம்மாமார், ஐயா.

அவர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார். உள்ளபடியே எல்லாரும் வயதான பெண்கள். சிங்களத் தாய்மாரும் அவர்களுக்குள் இருந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஹொந்தாய், ஹொந்தாய்" என்றார், நல்லது நல்லது என்று. தையல்கார அன்ரி நீட்டிய பிளேன்ரீயைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் முதலாளி வந்துவிட்டார். மண்டபத்தின் நடுவில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "இது முழுக்க என்ர ஸ்டூடியோ வேலை. பின்பக்கம் சீல் இருக்கு, பிரட்டிப் பாருங்கோ. இவ கவுண்டரில நிண்டவ."

ஒருவர் ஒரு படத்தைப் பிரட்டினார். சீல் இருந்தது. கலை ஆட்கள் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள், சின்னம்மா மாமியைப் பார்த்தார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மாமி சுவரில் இருந்த தன் பெயரைப் பார்த்தபடி நின்றார். அதைக் கழற்றச் சொல்லிவிடுவாரோ என்று நான் பெயரடியில் போய் நின்றுகொண்டேன்.

தையல்கார அன்ரிதான் முன்னுக்கு வந்தார். "முதலாளி, எங்கட அம்மாவிட சாறி ஏன் கிளிப்பச்சை?"

"இதென்ன கேள்வி? அவ உடுத்திருந்த கலர் அதுதானே."

"அம்மா தன்ர சீவியத்தில கிளிப்பச்சை உடுக்கேல்லை," என்றார் அன்ரி. "மெயின் வீதியில ஒரு கடையில, கண்ணாடிக்குள்ள தொங்கினதை நெடுகப் பார்த்துப் பார்த்து வந்தவ. கடைசிமட்டும் வாங்கேல்லை. படம் குடுக்கப் போனபோது இவதான் என்னட்டக் கேட்டவ. என்ன சாறி உடுத்தவ எண்டு கேக்கேல்லை. என்ன சாறிக்கு ஆசைப்பட்டவ எண்டு கேட்டவ. நீங்கள் கேட்டனீங்களோ?"

அதன் பிறகு ஆளுக்காள் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தியின் தாய் கத்தரிப்பூக் கலருக்கு ஆசைப்பட்டு, கறுப்பிக்கு அது எடுபடாது என்று மாமியார் சொன்னதால் விட்டவர். இன்னொருத்தியின் தாய் இளவயதிலேயே புருசனை இழந்து வெள்ளையோடு காலம் கழித்தவர், படத்தில் அவருக்குச் சிவப்புக் கரை. ஒரு சிங்களப் பெண் தன் தாயின் ரோசாப்பூச் சாறியைக் காட்டிச் சிங்களத்தில் சொல்லி அழுதார். கொட்டாஞ்சேனைச் சுவர்களில் இருந்த அத்தனை தாய்மாரும், உயிரோடு இருக்கும்போது கிடைக்காத சாறியைத்தான் உடுத்துக்கொண்டு இருந்தார்கள். வீட்டுக்கு வீடு தெரிந்த விசயம், ஆனால் அடுத்த வீட்டுக்குத் தெரியாது. முதலாளி தன் ஸ்டூடியோவில் செய்த படங்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர்போலச் சுவரைப் பார்த்தார். அவர் பொல்லாதவர் இல்லை. அவருக்கு இதெல்லாம் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மெல்லப் படியிறங்கிப் போய்விட்டார்.

சின்னம்மா மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். மாமி என்னைக் கூப்பிட்டு, "பேர் சரிஞ்சு கிடக்கு, நிமித்திவிடு" என்றார். நான் கதிரையில் ஏறி நின்று நிமிர்த்தினேன். அந்த மண்டபத்தில் என்னளவு பெருமை பிடித்தவர் அன்று வேறொருவரும் இல்லை.

அடுத்தநாள் மாமிக்கு வேலை இல்லை. முன் அறையில் ஒரு மேசையைப் போட்டு, கலர்க் குப்பிகளையும் பஞ்சு சுற்றிய ஈர்க்குகளையும் அடுக்கிவைத்தார். வாசலில் சின்னம்மா எழுதிய பெயர்ப்பலகை ஏறியது. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண்ணின் பெயரில் பலகை தொங்கியது அதுதான் முதல்தடவை. போகிற வருகிற சனம் நின்று வாசித்தது, பாராட்டியது. படம் கொடுக்கவேண்டி வந்தபோது பழக்கதோசத்தில் ஸ்டூடியோவுக்கே போனது. அப்பா மாமியைப் பார்க்காமல் முகட்டைப் பார்க்கத் தொடங்கினார். மாமி காலையில் குளித்து வெளிக்கிட்டு, மேசையடியில் போய் நேராக இருப்பார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அந்தரமாக இருக்கும்.

அப்படி இருக்கையில்தான் ஒரு அம்மா வாசலில் வந்து நின்று, மாமியின் முழுப்பெயரைச் சொல்லி, "அவ இருக்கிற வீடு இதுவோ?" என்று கேட்டார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "மாமி, உங்கட பேர் கேட்டு ஆள் வந்திருக்கு!" என்று குசினிவரைக்கும் கேட்கக் கத்தினேன்.

அவர் வடக்கிலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் மகனோடு தங்கியிருந்தவர். ஆமி வந்து தேடின ஒரு சுற்றிவளைப்பில் மகனைக் கொண்டுபோய்விட்டார்கள். அன்றுதொட்டு பொலிஸ், காம்ப் என்று கேட்டு அலைகிறார். ஒவ்வொரு இடத்திலும் படம் காட்டச் சொல்லுகிறார்கள். கைப்பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். அடையாள அட்டைக்கு எடுத்தது, நடுவில் மடிப்பு விழுந்திருந்தது. மாமி அதை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பழக்கத்தில் கலர்க் குப்பியொன்றை எடுத்தார்.

அந்த அம்மா பதறிப்போய்ப் படத்தின்மேல் கையை வைத்தார். "கலர் வேண்டாம் அக்கா. முகம் பெரிசா, தெளிவா இருந்தாக் காணும். ஸ்டூடியோவில குடுத்தால் கேக்காமல் போட்டிடுவினம். நீங்கள் கேட்டுத்தான் செய்வியள் எண்டு சொன்னவை. அதுதான் உங்களைத் தேடி வந்தனான்."

மாமி குப்பியை மூடினார். மற்றக் குப்பிகளையும் எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கட மாமி கலர் போட்டா அப்பிடியே உயிரோட இருக்கிற மாதிரி இருக்கும்," என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். மாமி ஏசவில்லை, "நீ போய் அம்மாட்டத் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வா" என்று மட்டும் சொன்னார்.

மாமி படத்தைக் கிராண்ட்பாஸில் வேறொரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்குவித்தார். அவர் அதோடு மினக்கெட்ட மாதிரி வேறெந்தப் படத்தோடும் மினக்கெட்டதை நான் காணவில்லை. மெல்லிய தூரிகையும் கறுப்பு மையும் மட்டும்தான். நெற்றியில் விழுந்திருந்த மடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. கண் தெளிந்தது. அந்த அம்மா வந்து பார்த்துவிட்டு, "இதுதான் என்ர பிள்ளை, இப்பிடித்தான் இருக்கிறவன்," என்று சொல்லி மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். மாமி காசு வாங்கவில்லை. ரோட்டுவரைக்கும் கூடப்போய் விட்டுவிட்டு வந்தார்.

எனக்கோ ஆத்திரம். ஊரே வந்து பார்த்த கைவேலை, அதற்காக வேலையையும் விட்டாயிற்று. பெயர் கேட்டு வந்த முதல் ஆளுக்குக் கலரில் ஒரு சொட்டுக்கூடப் போட்டுக் கொடுக்கவில்லையே! சேட்டுக்கு நல்ல நீலம் போட்டிருந்தால் எவ்வளவு வடிவாக இருந்திருக்கும் என்று அன்று முழுக்க நான் புறுபுறுத்துக்கொண்டு திரிந்தேன்.