சுவருக்குப் பின்னால் தொலைந்த நேரம்

மூன்றே அடியால் மூவுலகையும் அளந்த எம்பெருமான் திருவடிகளை முதலில் வணங்குகிறேன். அளப்பது அவனுக்குத் திருவிளையாடல், எனக்கோ பிழைப்பு. பிறர் மூச்சிரைக்க ஓடுவதை நாற்காலியில் அமர்ந்து பார்த்துவிட்டு, "இன்ன இடத்தில் தளர்ந்தீர்கள்" என்று எடுத்துச் சொல்லும் தொழிலில் நல்ல பெயர் வாங்கியவர் எவரும் இல்லை. விடைத்தாள் திருத்தியோ, மருமகளின் குழம்பைப் பற்றி உண்மை சொல்லியோ அகப்பட்டுக்கொண்ட அன்பர்களுக்கு என் பாடு விளங்கும். அவர்களை எண்ணியே எழுதுகிறேன்.

நாற்காலி கிடைத்த விதம்

மராத்தி பேசும் ஊரான கட்கியில் ஒரு தொழிற்சாலையில், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப்பின் காலையில் பாசுரம், மாலையில் பாசுரம், நடுவில் உறக்கம் என்று நாள்கள் கழிந்தன. அப்போதுதான் என் பழைய சகாவின் மகன் பிரசாத் வந்தான். தொழிற்சாலைக்கு அருகே மைதானம் ஒன்றை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, புதுவகைப் பந்தயம் ஒன்றுக்கு ஆள்களைப் பழக்குகிறான். அதில் எட்டு முறை ஓட வேண்டும். ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் ஒரு பளு வேலை. எடை ஏற்றிய ஸ்லெட் என்னும் சறுக்குப் பலகையைத் தள்ளுவது, அதையே கயிறு கட்டி இழுப்பது, மணல் மூட்டையைத் தோளில் வைத்து முழங்கால் மடித்து நடப்பது, கனத்த பந்தைச் சுவரில் எறிந்து பிடிப்பது என்று அவை நீளும். யாருக்கு எங்கே நேரம் வீணாகிறது என்று கண்டுசொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றான்.

வாழ்நாளில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவன் நான் என்பதை மறைக்காமல் தெரிவித்தேன். மராத்தியில் தாத்தாவை அழைக்கும் முறையில் என்னை அழைத்து, இந்தியில் அவன் சொன்ன விடை இது: "ஆஜோபா, ஓடத் தெரிந்தவன் தன் ஓட்டத்தைத்தான் பார்ப்பான். நீங்கள் சும்மா வந்து உட்காருங்கள், போதும்."

பாணேர்க்காரரின் காலணி

என் முதல் வாடிக்கையாளர் கார்த்திக். பாணேரில் அடுக்ககவாசி, கணினி நிறுவனத்தில் பெரிய பொறுப்பு. தமிழ் அவர் நாவில் தயங்கித் தயங்கி வரும். தம் தளர்ச்சிக்குக் காலணியே காரணம் என்று நம்பி, மூன்றாவது ஜோடி வாங்கியிருந்தார். ஒத்திகைகளில் பிரசாத் பதிந்து வைத்திருந்த காணொளிகளை நான் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே ஓடுகிறார். ஆனால் புகைப்படம் எடுப்பவர் நிற்கும் வளைவு வந்ததும் தலைமுடியை ஒதுக்கி, மார்பை நிமிர்த்தி, கால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். அந்த வளைவைக் கடந்ததும் விட்டதைப் பிடிக்க விரைந்து, அடுத்த பளு வேலையில் களைத்துவிடுகிறார்.

காயப்படாதவாறு சொல்ல வேண்டுமே என்று பெருமானை வேண்டிக்கொண்டு எடுத்துரைத்தேன். அவர் திரையை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "அங்கிள், ஆனா அந்த போட்டோ மட்டும் ரொம்ப நல்லா வந்திருக்கு, இல்லையா?"

தங்கவேலின் சுற்று

போபோடியில் குடியிருக்கும் தங்கவேல் ஐம்பதைக் கடந்தவர். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். நெஞ்சுவலி வந்து, அடைத்த குழாயில் ஸ்டென்ட் வைத்தபின், தொழிற்சாலையில் அவரை இயந்திரத்தினின்று விலக்கி ஒரு மேசையில் அமர்த்திவிட்டார்கள். அவருக்கு அது பொறுக்கவில்லை. நடந்தார், பிறகு ஓடினார். இதய மருத்துவர் சோதித்துப் பார்த்து, தடையில்லை என்று கையெழுத்திட்டபின் பிரசாத்திடம் வந்தார். மும்பையில் நடக்கவிருந்த அந்தப் புதுவகைப் பந்தயத்தை முடித்துவிட்டால், தம்மைக் கண்ணாடிச் சாமான்போல் நடத்துவதை உலகம் நிறுத்தும் என்பது அவர் கணக்கு.

பிரசாத்தோ ஒரு விதி வைத்திருந்தான். ஒத்திகையில் சுற்றுக்குச் சுற்று நேரம் ஏறிக்கொண்டே போனால், நெஞ்சு நோயுற்றவரை மும்பைக்கு அனுப்ப மாட்டான். தங்கவேலின் நேரம் ஏறிக்கொண்டுதான் போயிற்று. ஆனால் காணொளியில் தெரிந்த இடமெல்லாம் அவர் ஒரே வேகத்தில் வந்தார். மார்பில் கட்டிய பட்டை காட்டிய துடிப்போ, ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஓரிடத்தில் சட்டென்று இறங்கியது, சுற்றுக்குச் சுற்று இன்னும் அதிக நேரம் இறங்கியே இருந்தது. நெஞ்சு களைத்தவருக்குத் துடிப்பு அப்படி இறங்காது, நின்றவருக்கே இறங்கும். மைதானத்தின் கோடியில் பழைய மதிற்சுவர் ஒன்றுண்டு. அதன் பின்புறம் மட்டும் கேமராவுக்கு எட்டாது. அங்கே நிற்கிறீர்களா என்று அவரையே கேட்டேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சொன்னார்: "சார், அந்த எடத்த மட்டும் பாக்காம உட்ருங்க."

சிலிண்டர் வந்த நாள்

பாராமல் விடுவது என் தொழில் அன்று. அடுத்த ஒத்திகையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுவருக்குப் பின்னால் போனேன். அங்கே வேப்ப மரத்தடியில், தண்ணீர்ப் போத்தலும் கைப்பையுமாக ஓர் அம்மாள் அமர்ந்திருந்தார். தங்கவேலின் மனைவி ஈஸ்வரி. நான் யாரென்று தெரிந்தும் எழுந்து போகவில்லை. சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். தங்கவேல் ஓடிவந்தார். ஈஸ்வரி கை நீட்ட, அவர் நின்று மணிக்கட்டைக் கொடுத்தார். திணறாமல் ஒரு வாக்கியம் பேச முடிந்தால் அளவோடு ஓடுகிறார் என்று பொருள் என்பது மருத்துவர் சொல்லித் தந்த அடையாளமாம். அதை ஈஸ்வரி தம் முறையில் கடைப்பிடித்தார்.

"சிலிண்டர் என்னிக்கு வந்துது? முழுசா சொல்லு."

"போன வாரம் வியாழக்கெழம வந்துது."

"புதன்."

"வியாழன்தான். நான்தான மாட்னேன்."

"மாட்னது வியாழன். வந்தது புதன்."

"சரி, புதன். போவட்டுமா?"

"மூச்சு வாங்குதே."

தங்கவேல் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "உங்கூட சண்ட போட்டா யாருக்குத்தான் வாங்காது?"

ஈஸ்வரி கேட்ட சான்று

மறுநாள் ஈஸ்வரி தனியே கொட்டகைக்கு வந்தார். நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். தங்கவேலால் ஓட இயலாது என்று எழுதிக் கொடுக்கும்படி கேட்டார். ஏனம்மா என்றேன். நின்றபடியே சொன்னார்: "அன்னிக்கு நெஞ்சு எரியுதுன்னாரு சார். வாய்வுன்னு நெனச்சி, மோர்ல பெருங்காயம் கரைச்சிக் குட்து படுக்க வெச்சேன். அவரும் நான் சொன்னேன்னு பேசாம படுத்தாரு. வேர்த்துக் கொட்னப்பறம்தான் ரிக்ஷா கூப்ட்டேன். இவ்ளோ நேரம் வீட்ல இன்னா பண்ணீங்கன்னு டாக்டர் கேட்டாரு. இன்னும் கேட்டுக்கினே இருக்கறாப்பல இருக்குது."

எழுதுகோலைக் கீழே வைத்தேன். அடியார்கள் பெருமானைக் கண்ணிமைக்காமல் காத்துநின்றதை ஆண்டுக்கணக்கில் படித்தவன் நான். அந்தக் காவல் காப்பவரை எப்படி அரித்துத் தின்னும் என்பதை அன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை. ஒருவாறு தேறி, பொய் எழுத என்னால் இயலாது என்றும், தங்கவேலின் நெஞ்சு நன்றாகவே இருப்பதைக் கருவி காட்டுகிறது என்றும் சொன்னேன். ஈஸ்வரி கோபிக்கவில்லை. "உங்க மிஷினு ஒண்ணுமில்லன்னு சொல்லுது. அன்னிக்கு நானுந்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

பிரசாத்தின் விதி

உள்ளதை உள்ளபடியே பிரசாத்திடம் சொன்னேன்: தொலைந்த நேரம் நெஞ்சில் இல்லை, பேச்சில் இருக்கிறது. அவன் சிரிக்கவில்லை. மும்பையில் வேலிக்கு அப்பால்தான் பார்வையாளர். உள்ளே வந்து மணிக்கட்டைப் பிடிக்க யாரையும் விட மாட்டார்கள் என்றான். கேள்வி கேட்க மனைவி இல்லாத இடத்தில் தங்கவேல் எப்படி ஓடுவார், கேட்க முடியாமல் ஈஸ்வரிதான் எப்படி நிற்பார் என்பது அவன் கவலை. இருவரையும் அழைத்து, இந்த ஆண்டு வேண்டாம் என்றான். தங்கவேல் குனிந்து காலணியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். தாம் வேண்டிவந்த தீர்ப்பு கிடைத்தும், ஈஸ்வரியின் முகம் வாடிவிட்டது.

சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத் தாளைச் சுட்டி, அதில் இரண்டு பேர் சேர்ந்து ஓடுகிறார்களே, அது என்ன என்று ஈஸ்வரி கேட்டார். ஜோடிப் பந்தயம், இருவரும் ஒன்றாகவே ஓட வேண்டும், பளுவைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று பிரசாத் விளக்கி, இந்தியில் அண்ணியை அழைக்கும் முறையில், "பாபி, உங்களுக்கு ஓட வருமா?" என்றான். ஈஸ்வரி இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "ஓட வராது. இவர விட்டுட்டு வெளிய நிக்கவும் வராது."

இருவர் ஓட்டம்

மருத்துவர் ஈஸ்வரியையும் சோதித்து அனுப்பினார். முதல் வாரம் அவருடைய ஓட்டத்துக்கும் நடைக்கும் வேற்றுமை காண்பது எனக்கே அரிதாக இருந்தது. சல்வார் தடுக்கி ஒருமுறை விழுந்தார். முழங்கால் சிராய்ப்போடு மறுநாளும் வந்தார். தங்கவேல் தம் வேகத்தை விட்டுக்கொடுத்து அவருக்கு இணையாக வந்ததில், நல்ல நேரத்தில் முடிக்கும் ஆசை போயிற்று. அந்த இழப்பை மெல்ல எடுத்துச் சொன்னேன். அவருக்கு வருத்தம் வேறு இடத்தில் இருந்தது. "முன்னாடி செவுத்தாண்ட மட்டும்தான் சார் கேள்வி. இப்ப சுத்து முழுக்கக் கேள்வி."

மும்பையிலிருந்து வந்தபின்

பந்தயத்தை முடித்தார்கள். பின்வரிசையில்தான் முடித்தார்கள். ஓட்டம் ஓட்டமாகப் பிரித்த நேரங்களைத் திரையில் விரித்து வைத்துக் காத்திருந்தேன். தங்கவேலின் துடிப்பு தொடக்கம் முதல் முடிவு வரை சீராக இருந்ததைக் காட்டி, அந்த அம்மாளின் நெஞ்சுச் சுமையை இறக்கிவிட வேண்டும் என்று ஆறுதல் மொழிகளையும் எண்ணி வைத்திருந்தேன். இருவரும் வந்தனர். தங்கவேல் எனக்கு எதிரே இருந்த நாற்காலியில் அமரப் போனார். அவர் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு ஈஸ்வரி அமர்ந்தார். திரையருகே குனிந்து, தம் பெயர் இருந்த வரிசையில் விரலை வைத்தார். அதற்குள் நான் வாய் திறந்து, உங்கள் வீட்டுக்காரரின் நெஞ்சு என்று தொடங்கிவிட்டேன்.

"அவருக்கு இன்னா சார், நல்லாத்தான் கீறாரு. மூணாவது ஓட்டத்துல எனக்கு நேரம் எங்க போச்சு? அதச் சொல்லுங்க."

இவ்வளவு அளந்தும் ஒருவரையேனும் வேகமாக ஓடவைத்ததாக என்னிடம் சான்றில்லை. ஆயினும் நாற்காலியை விட்டு எழ மனமில்லை.

இதைப் படித்தவர்க்கும், பிறர் படிக்கக் கேட்டவர்க்கும் மூச்சு சீராக இருக்கட்டும். அவர்களை எண்ணி அஞ்சுவோரின் அச்சம் தீரட்டும். எம்பெருமான் இருவரையும் ஒருசேரக் காத்தருள்க.