கரடியிடம் போனான், வாப்பாவிடம் வரவில்லை

போன மாதம் துபாயில் ஒரு கரடி என் மகனைத் தூக்கியது. அவன் சிரித்தான்.

அதற்குச் சற்று முன்னால் பெற்ற தகப்பன் தூக்கினார். அழுதான். சாதாரண அழுகை இல்லை... உடம்பை வில்லாக வளைத்து, பின்பக்கமாகச் சாய்ந்து, கையிலிருந்து நழுவி விழுந்துவிடுவானோ என்று பார்க்கிறவர்கள் பதறும் அழுகை.

கரடி என்றால் நிஜக் கரடி இல்லை. தீம் பார்க் வாசலில் யாரோ ஒருவர் கரடி உடுப்பு போட்டுக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். உள்ளே இருப்பது எந்த ஊர் ஆள், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. அந்த முகம் தெரியாத கரடியின் தோளில் என் மகன் சுகமாகச் சாய்ந்து கிடந்தான். என் வீட்டுக்காரர் எதிரே நின்று போட்டோ எடுத்தார். போட்டோ ஆடித்தான் வந்திருக்கிறது.

அந்தப் போட்டோவைத்தான் தெருவில் எல்லாரும் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். சிரித்துக்கொண்டே போனை வாங்கி வைத்துக்கொள்கிறேன். வேறென்ன செய்ய?

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் வீட்டு நிலவரம் தெரிந்ததுதான். தென்காசியில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவில். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். ஒரு குடோனில் சரக்கு ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மகன் பிறந்து, முடி இறக்கி, பெயர் வைத்த கையோடு விமானம் ஏறினார். அதோடு சரி. லீவு கேட்கும்போதெல்லாம் அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார்களாம். ஆட்களைக் குறைத்துக்கொண்டிருக்கிற இடத்தில் அழுத்திக் கேட்க யாருக்குத் தைரியம் வரும்? மகனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது.

ஆக, பிள்ளைக்கு வாப்பாவைப் போனில்தான் காட்டி வளர்த்தோம். தினமும் ராத்திரி இஷா தொழுதுவிட்டுக் கூப்பிடுவார். இவன் சலாம் சொல்வான். முத்தம் கொடுப்பான். திரை முழுக்க எச்சிலாகும். பிள்ளை வாப்பாவோடு எப்படி ஒட்டுதலாக இருக்கிறான் என்று நாங்கள் பூரித்துப் போவோம்.

அவரால் வர முடியாததால், விசிட் விசாவில் எங்களை அங்கே அழைத்தார். தெரிந்த குடும்பம் ஒன்று ஊருக்குப் போயிருந்தது. அவர்கள் பிளாட்டில் இரண்டு வாரம் இருந்துகொள்ளலாம். ஆனால் வந்து இறங்கியதும் முதலில் தீம் பார்க் ரிசார்ட்டில்தான் தங்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். எதற்கு இந்த ஆடம்பரம் என்று கேட்டேன். விளையாட்டுக் காட்டுகிறவனிடம் பிள்ளை தானாக ஒட்டிக்கொள்ளும் என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பஜாரில் பலூன் வாங்கிக் கொடுக்கிறவர்களிடமெல்லாம் தாவுகிறவன்தானே?

தப்பு ஏர்போர்ட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. மகன் பார்க்கப் போகிறான் என்று மனிதர் மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தார். புதுச் சட்டை, கூலிங் கிளாஸ், தாடிக்கு மை, மேலெல்லாம் அத்தர். என் மகன் அறிந்த வாப்பா யார்? பனியனும் கைலியும் போட்டிருப்பவர். இரண்டடுக்குக் கட்டிலில் கீழ்ப்படுக்கையில் சாய்ந்திருப்பவர். தலைக்கு மேலே ஒரு இரும்புக் கம்பி, அதில் ஒரு துண்டு காயும். அதுதான் அவன் வாப்பா.

இந்தப் புது மனிதர் குனிந்து கைநீட்டியதும் அவன் என் பர்தாவுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான்.

“வாப்பால்லா வந்துருக்கேன்... வாலே மக்கா” என்றார்.

அவன் வரவில்லை. பயண அசதி, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நானும் சொன்னேன், அவரும் சொன்னார்.

மறுநாள் பார்க்கில் எங்கே பார்த்தாலும் கோட்டை, ரயில், பேசும் யானை. ஆனால் ஒவ்வொரு ரைடுக்கும் வாசலில் ஓர் அளவுப் பலகை வைத்திருக்கிறார்கள். அந்த உயரம் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனால் மகனைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு ஊழியர்கள் முடியாது என்று தலையாட்டுவது புரிந்தது. மனிதர் சளைக்கவில்லை. அடுத்த பலகை, அதற்கடுத்த பலகை என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அழுகை. ஒவ்வொரு வாசலிலும் தலையாட்டல்.

கடைசியில் கிடைத்தது சுற்றுகிற மரக்குதிரை. பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும். யார் உட்கார்ந்தது என்று சொல்லவும் வேண்டுமா? பர்தாவோடு நான் குதிரை ஏறினேன். அவர் கம்பிக்கு வெளியே நின்றார். நாங்கள் சுற்றி வரும்போதெல்லாம் கையாட்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும், சலிக்காமல். மகன் ஒரு தடவையாவது திருப்பி ஆட்டினானா? குதிரையின் காதைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் வெயில் தாங்காமல் ரூமுக்கு வந்தோம். கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு புதுச் சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனும் கைலியும் மாற்றிக்கொண்டு, பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த நிமிஷம் என் போன் அடித்தது. வீடியோ கால்.

மகன் ஓடி வந்தான். “வாப்பா!”

சலாம் சொன்னான். முத்தம் கொடுத்தான். கரடி பார்த்ததைச் சொன்னான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், ரகசியம் மாதிரி சொன்னான்.

“வாப்பா... மாமா தூக்குது. அடி.”

வெளியாட்கள் எல்லாரும் அவனுக்கு மாமாதான். தன்னைத் தூக்கித் தூக்கி அழவைக்கிற மாமாவை அடிக்கச் சொல்லி வாப்பாவிடம் புகார் கொடுக்கிறான்.

“அடிச்சிருவோம்” என்றார். அந்தக் குரல் போன் வழியாகவும் வந்தது, கதவு வழியாகவும் வந்தது.

பேசிக்கொண்டே மெதுவாகக் கதவைத் திறந்து வெளியே வந்தார். அதே பனியன், அதே கைலி, அதே சிரிப்பு. மகன் போனைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். திரும்பவும் போனைப் பார்த்தான். நான் ரப்பே, ரப்பே என்று மனசுக்குள் அல்லாஹ்வைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டான். அந்த மாமா வந்து வாப்பாவைப் பிடுங்கிவிடுவார் என்று நினைத்திருக்க வேண்டும்.

அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டார். திரை இருண்டதும் மகன் போனை உலுக்கி உலுக்கி வாப்பா, வாப்பா என்று அழுதான். வாப்பா நாலடி தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்து, கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பெண்கள் தொழும் இடத்துக்குப் போனேன். பிள்ளை தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவரிடம் விட்டுவிட்டுப் போனேன். இடையில் அவன் விழித்திருக்கிறான். என்னைக் காணாமல் கத்தியிருக்கிறான். அவர் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி நடந்திருக்கிறார். கூட்டத்துக்கு நடுவே ஓர் ஆள், அவர் கையில் திமிறிக்கொண்டு ஒரு பிள்ளை... பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

நான் வெளியே வந்தபோது என் வீட்டுக்காரர் சுவரோரம் தனியாக நின்றார். பிள்ளை செக்யூரிட்டி கையில். இது யார் பிள்ளை என்று விசாரணை. என்னைக் கண்டதும் மகன் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டான். அதைப் பார்த்த பிறகுதான் அந்தச் செக்யூரிட்டிப் பையனுக்கு முகம் தெளிந்தது. மலையாளி, நல்ல பிள்ளை. “சேட்டா, ஒந்நும் விசாரிக்கருது” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். தப்பாக நினைக்க வேண்டாம் என்கிறான். செங்கோட்டைப் பக்கம் கேட்டுப் பழகிய பேச்சுத்தானே, எங்களுக்குப் புரியும்.

நீங்கள் கேட்டது சரிதான் தம்பி, கேட்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

“ஏட்டி... நான்தான் வாப்பான்னு அந்தத் தம்பிட்ட காட்டுததுக்கு என்ட்ட என்ன இருந்துச்சு?”

“அவன் பாஸ்போர்ட்ல உங்க பேரு இருக்குல்லா” என்றேன்.

சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கவே வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் இருக்கிறார். பிறப்புச் சான்றிதழில் இருக்கிறார். ஆதாரில் இருக்கிறார். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் அங்கேயும் அவர் பெயர்தான் முதலில். எங்கள் தெருவில் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படிப் பெயராக மட்டும் வாப்பா இருக்கிறார்? கடல் தாண்டிப் போகிறவர்கள் எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான் போகிறோம் என்கிறார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் பிள்ளை அதற்காகக் காத்துக்கொண்டா வளர்கிறது? அது பாட்டுக்கு வளர்கிறது.

ரிசார்ட்டில் கடைசி நாள் தண்ணீர் விளையாடும் பகுதிக்குப் போனோம். அங்கே ஓர் அருவி. பிளாஸ்டிக் பாறை, பிளாஸ்டிக் கொடி. ஸ்விட்ச் போட்டால் தண்ணீர் விழும், அணைத்தால் நிற்கும். கொஞ்ச நேரம் விடுவார்கள், கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். குற்றாலத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தவளுக்குச் சிரிப்பு வராதா? எங்கள் அருவியை நிறுத்த மழை நினைக்க வேண்டும்.

என் மகனுக்கு விழுகிற தண்ணீர் என்றால் பயம். ஊர் அருவியிலும் அப்படித்தான். யார் தூக்கி வைத்திருக்கிறார்களோ அவர்கள் கழுத்தை இறுக்கிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொள்வான். இதை நான் சொன்னேனோ இல்லையோ, அவன் அழத் தொடங்கும் முன்னே அவர் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டார்.

நான் கரையில் நின்றேன். தண்ணீர் கொட்டுகிறது. மகனின் இரண்டு கையும் அவர் கழுத்தைச் சுற்றி. இரண்டு காலும் இடுப்பைச் சுற்றி. முகம் அவர் தாடிக்குள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அசையவில்லை.

தண்ணீர் நின்றது. மகன் முகத்தை வழித்துவிட்டு, யார் கழுத்து என்று பார்த்தான். கையை விட்டான். என்னைப் பார்த்துத் தாவினான்.

அவர் சொட்டச் சொட்ட வந்தார். “பிடிச்சாம் பாத்தியா?”

“பயத்துல பிடிச்சிருக்கான்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“பயத்துல பிடிச்சா என்ன? என்னையத்தான பிடிச்சான்.”

அடுத்து எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று ஊழியரிடம் கேட்டுக்கொண்டு வந்து காத்திருந்தார். விட்டதும் போனார். நின்றதும் வந்தார். திரும்பவும் போனார். பிள்ளைக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது, போதும், காய்ச்சல் வரும் என்றேன். இன்னும் ஒரே ஒரு தடவை என்றார். பொழுது சாய்ந்து அருவியை அடைத்தார்கள். வீட்டுக்குப் போக மாட்டேன் என்று பிள்ளைகள் அங்கங்கே அழுதுகொண்டிருந்தன. எங்கள் குடும்பத்தில் அப்படி நின்றது பிள்ளை இல்லை.

பிறகு பிளாட்டில் இருந்த நாட்களில் அவர் கையால் பிஸ்கட் வாங்கினான். அவ்வளவுதான் முன்னேற்றம். கிளம்பும்போது ஏர்போர்ட்டில் சந்தோஷமாக டாட்டா காட்டினான். ஊர் வந்து சேர்ந்து முதல் வீடியோ காலில் துள்ளிக்கொண்டு சொன்னான்: “வாப்பா! மாமா போச்சு!”

“போயிட்டானா... சரி மக்கா” என்றார்.

அடுத்த வருஷம் குற்றாலச் சாரல் சீசனுக்கு எப்படியும் லீவு உண்டு என்று இப்போது சொல்லியிருக்கிறார்களாம், இன்ஷா அல்லாஹ். மகனை ஐந்தருவிக்கு அவர்தான் தூக்கிக்கொண்டு போவாராம். அதையே பேசுகிறார். தினமும் பேசுகிறார்.

இங்கே இந்த வருஷச் சாரல் தொடங்கிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் ஓரமாக நின்று குளித்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் இருந்த மகன் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கினான். பிடிப்பதற்குள் தண்ணீருக்கு நேரே போய் நின்றான். தனியாக. யாரையும் பிடிக்கவில்லை. தலையில் தண்ணீர் விழ விழச் சிரிக்கிறான். கையை ஏந்தித் தண்ணீரைக் குடிக்கிறான்.

“பயம் தெளிஞ்சிட்டு பாத்தியளா மைனி” என்று என் நாத்தனார் கைதட்டினாள். சுற்றி நின்றவர்களும் தட்டினார்கள்.

பிள்ளைக்குப் பயம் தெளிந்தால் பெற்றவள் அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வேண்டும். சொன்னேன். சொல்லும்போதே அடுத்த வருஷச் சாரலை நினைத்தேன்.

அன்றைக்கு இஷா தொழுதுவிட்டு அவர் கூப்பிட்டார். அருவிக்குப் போனது அவருக்குத் தெரியும். முதல் கேள்வியே அதுதான்.

“அருவியில என்ன செஞ்சான்? பயந்தானா?”

“ஆமா” என்றேன். “கழுத்த விடவே இல்ல.”

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஐந்து வேளை தொழுகிற வாயால் சொன்ன பொய். அதற்கு அல்லாஹ்விடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் — துபாயில் இதைப் படிக்கிற நம்ம ஊர்க்காரர்கள் அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.