பிரஷர் நோட்டில் என் கையெழுத்து

கம்பம் பக்கம் ஆற்றுத் தண்ணீரைக் குழாய் வழியே மேட்டுத் தோட்டங்களுக்கு ஏற்றும் விவசாயிகள் சங்கம் ஒன்று. அங்கே டிரைவ் பார்ப்பவன் நான். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிதான் டிரைவ். குழாயிலுள்ள சென்சார் பிரஷரைக் கிலோக் கணக்கில் அளந்து அதற்குச் சொல்லும். பிரஷர் எப்போதும் ஆறு கிலோவில் நிற்கும்படி டிரைவ் மோட்டாரை ஓட்டும்.

பழைய சென்சார் பழுதாகிப் புதியது மாட்டினேன். பழையது பத்து கிலோ வரை அளப்பது, புதியது பதினாறு வரை. அந்தப் பதினாறை டிரைவுக்குள் போட வேண்டும். இரண்டு நிமிட வேலை. போடியில் ஒரு மில்லிலிருந்து போன் மேல் போன். போடாமலே கிளம்பிவிட்டேன். பழைய பத்துக் கணக்கிலேயே டிரைவின் திரை ஆறு என்று காட்டும்போது குழாய்க்குள் ஒன்பதரைக்கு மேல் இருந்திருக்கிறது. குழாயிலிருந்த முள் மீட்டர் எப்போதோ உடைந்துபோனதால் ஒத்துப் பார்க்கவும் வழியில்லை.

பம்பு ஓட்டுவது ஒரு அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது. மணிக்கொரு தடவை திரையைப் பார்த்து நோட்டில் எழுதுவார். மறுநாள் காலையில் போன் செய்தார்.

“தம்பி, ஆறுன்னுதான் காட்டுது. ஆனா பைப்பத் தொட்டா ஒரு மாதிரி அதிருது. இங்கன ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க.”

“நம்பர் சரியா இருக்குல்லக்கா? பெறகென்ன, பைப்பக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீக. நம்பரப் பாருங்க, போதும்.”

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அக்கா சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

மதியம் குழாய் வெடித்தது. கீழே நட்டுப் பத்து நாள்கூட ஆகாத வாழைக்கன்றுகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. சேதி வந்ததும் ஓடிப்போய் டிரைவைப் பார்த்தேன். சென்சார் அளவு பத்து என்றே இருந்தது. எல்லாரும் வெடித்த இடத்தில் நிற்க, யாரும் வருவதற்குள் பதினாறாக மாற்றிவிட்டேன். சீ, நானெல்லாம் ஒரு மனுசன்!

அடுத்த நாள் சங்கத்தில் கூட்டம். தலைவர் நோட்டைப் புரட்டிக்கொண்டே அக்காவிடம் கத்தினார்.

“வரிசையா ஆறு ஆறுன்னு எழுதியிருக்கீக. ஆறு கிலோவுல பைப்பு வெடிக்குமா? பாக்காமயே எழுதுனதுதான? பொய் எழுதுற ஆளு நமக்கு வேணாம்.”

“பாத்துத்தான் எழுதுனேன். பைப்பு அதிருதுன்னு தம்பிக்கு நேத்துக் காலையிலயே போன் போட்டேன், கேளுங்க” என்று அக்கா என்னைப் பார்த்தார்.

எழுந்தேன். பத்தை மாற்றாமல் விட்டது, அக்கா பேச்சைத் தட்டியது, பிறகு திருட்டுத்தனமாக மாற்றியது, எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் நோட்டை மூடினார்.

அக்கா நோட்டை வாங்கி என் முன்னால் வைத்தார்.

“நான் எழுதுனது பொய்யில்லன்னு இதுலயே எழுதுங்க தம்பி.”

‘மேலே உள்ள எண்கள் டிரைவ் காட்டியவை. தவறு என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை இரண்டு தடவை வாசித்தார்.

“நாளைக்கு எப்பவும் போல வந்துருங்க” என்று தலைவர் அக்காவிடம் சொன்னார்.

அக்கா இடுப்பில் செருகியிருந்த பம்பு அறைச் சாவியை எடுத்து நோட்டின் மேல் வைத்தார்.

“வேற ஆளப் பாத்துக்கங்க. வாயால சொன்னதத் தம்பி கேக்கல, எழுதுனத நீங்க நம்பல. இனி அங்கன நின்னு நான் என்ன செய்ய?”