பின்னால் யாரும் வர முடியாத இடம்

போன வாரம் என் சிநேகிதன் ராயப்பனோடு டீக்கடையில் நின்றேன். ரோட்டில் ஏதோ பைக்கின் சைலன்சர் படாரென்று வெடித்தது. திரும்பினால் ஆளைக் காணோம்! கடைக்குள் பாய்லருக்குப் பக்கத்தில், சுவரோடு முதுகை ஒட்டி நிற்கிறான். கையெல்லாம் டீ. வயது நாற்பத்தாறு.

சிரிப்பு வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

ஒன்பது வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு புரோட்டா வாங்கப் போனான். பின்னாலிருந்து வந்தவர்கள் அப்பாவை வெட்டிவிட்டார்கள். ஆள் மாறிவிட்டதாம்! அப்பா விழுந்த பிறகும் இவன் கையை விடவில்லை.

அதோடு போயிருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும். அவன் தெரு ஆற விட்டால்தானே? கஞ்சாத் தகராறு, பழிக்குப் பழி... இரண்டு மாதம் முன்புகூட நாலு வீடு தள்ளி ஒரு கொலை. மகளை டியூஷனுக்கு அனுப்பமாட்டான். தூக்கமே கிடையாது.

துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர் அவன். டபுள் ஷிப்ட் கேட்டு வாங்குவான். பேராசை பிடித்தவன் என்று கேலி செய்திருக்கிறேன். ஒருநாள் சொன்னான்: “அங்கன கிரேன் மேல ஒருத்தனும் எம் பின்னால வர முடியாதுலே.”

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனாயிற்றே, சும்மா இருப்பேனா? டாக்டரிடம் போ, எதையும் மறைக்காதே என்று உபதேசித்து, நானே கூட்டிப்போனேன். டாக்டர் தங்கமான மனுஷர். பொறுமையாகக் கேட்டு மாத்திரை எழுதினார். மயக்கம் வரலாம், உயரத்தில் வேலை கூடாது, கம்பெனியில் சொல்லிவிடுங்கள் என்றார். இவனும் சொன்னான்.

கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது துறைமுகக் கேட்டில் கன்டெய்னர் நம்பர் சரிபார்க்கும் வேலை. நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் லாரியும் ஆட்களும்!

யாரைக் குறை சொல்ல? டாக்டர் செய்தது சரி. கம்பெனி செய்தது சரி. நான் சொன்னதும் சரிதான். எல்லோரும் சரியாக நடந்துகொண்டு, அவனுக்கிருந்த ஒரே இடத்தைப் பிடுங்கிவிட்டோம்.

டீ சிந்திய கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: “ஏலே, மாத்திரைய நிப்பாட்டிட்டா மறுபடி மேல விடுவானுவளா?”

வாரம் தவறாமல் ஊருக்கே அட்வைஸ் சொல்கிறவன் நான்; டீக்குக் காசைக் கொடுத்தேன். வீடு வரை துணைக்கு வருகிறேன் என்றேன். வேறு யாரும் அவன் பின்னால் வந்துவிடக் கூடாதே என்று நானே பின்னால் நடந்தேன்.

பத்தடி போயிருப்போம். நின்றான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

“நீ முன்னால போ.”

நான் அவனுக்கு முப்பது வருஷச் சிநேகிதன்.