கிரேன் அக்கா பாதி ஏணியில் இறங்கிய நாள்

கட்டடம் எழும்பும் அந்த இடத்தில் எல்லாருக்கும் அவள் கிரேன் அக்கா. உயரே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுவது போல இரும்பு விட்டங்களை இறக்குவாள். அந்த நாற்காலி என்றால் அவளுக்கு உயிர். மாற்று ஆளாக இருந்தவனுக்கு 'அவசரக்குடுக்கை' என்று பெயர் வைத்ததே அவள்தான். அவன் கையில் கிரேனைக் கொடுப்பதைவிட வேலையை விட்டுவிடலாம் என்று வீட்டில் அடிக்கடி சொல்வாள்.

போன வருடம் ரத்த அழுத்தம் அதிகம் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஒழுங்காகத்தான் விழுங்கினாள். நூற்றிருபதுக்கு எண்பது என்று வந்ததும் நிறுத்திவிட்டாள். தையல்காரக் கணவர் கேட்டதற்கு, "சுமையை இறக்கியாச்சு, இனி கொக்கி எதுக்கு?" என்றாள். கிரேன்காரியின் கணக்கு அது. அவரும் பாவம், தலையாட்டிவிட்டார்.

அன்றைக்கு உச்சித் தளத்துக்குப் பெரிய விட்டம் ஏற வேண்டும். விரல் கீறலுக்கு மருந்து போட முதலுதவி அறைக்குப் போனவளை நர்ஸ் சும்மா விடவில்லை; ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றினாள். நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து. கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தாள். இறங்கவில்லை. மேல் எண் இதயம் சுருங்கித் தள்ளும்போது உள்ள அழுத்தம், கீழ் எண் அது தளரும்போது உள்ளது, இரண்டுமே ஏறிக் கிடக்கிறது, இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள் என்றாள்.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே."

"நிறையப் பேருக்கு ஒண்ணும் செய்யாதுக்கா. மாத்திரை அதைக் குணப்படுத்தல, பிடிச்சு வெச்சிருந்துச்சு. அவ்வளவுதான்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. சுமை இறங்கவே இல்லை. அந்தரத்தில் தொங்கியதைப் பிடித்திருந்த பிரேக்கை அவளே விட்டிருக்கிறாள்.

இந்த ஒரு விட்டத்தை ஏற்றிவிட்டுப் போனால் என்ன என்று மனம் ஆசை காட்டியது. பாதி ஏணி ஏறியும்விட்டாள். கீழே கம்பி கட்டுகிறவர்களின் தலைகள் தெரிந்தன. அக்கா இருக்கிறாள் என்ற நம்பிக்கையில் ஒருவனும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

இறங்கி வந்தாள். எல்லார் முன்னாலும் அவசரக்குடுக்கையிடம் சாவியை நீட்டி, நிதானமாகத் தூக்கு என்று மட்டும் சொன்னாள். அதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

இன்ஜினீயர் பதறி வந்து, "என்னம்மா, தலை சுத்துதா?" என்று கேட்டார்.

"இல்ல சார். பிரஷர் ஏறிக் கிடக்கு, ஆனா உடம்புக்கு ஒண்ணுமே தெரியல. அதனாலதான் இறங்கிட்டேன்."