நனைந்த விரல்

உடலின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் கொழுப்புப் படலம் எப்படி வளைகிறது, எப்படி வழிந்தோடுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. போன மார்கழியில் படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொள்ள எங்கள் மலைக்கிராமமான மாரமங்கலம் வந்திருந்தேன். அம்மாவின் தோல் தொட்டாலே உரிந்துவரும் அளவுக்கு மெலிந்திருந்தது. காப்பித் தோட்ட வேலையில் காய்ப்பு ஏறிய தன் கைகளுக்குப் பயந்து அப்பா கிட்டவே போகமாட்டார்.

"அந்தப் படலத்த வெச்சு என்னதான் கண்ணு பண்ற?" என்று ஒருநாள் வழக்கம்போலக் கேட்டார். எனக்கு எரிச்சல். ஒரு கம்பியை வளையமாக வளைத்துச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, "கிட்டத்தட்ட இது மாதிரிதானுங்கப்பா. தொட்டுப் பாருங்க" என்று நீட்டினேன்.

தொட்டார். படலம் உடைந்தது. அவர் முகம் வாடியதும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. விரலைச் சோப்புத் தண்ணீரில் நனைக்கச் சொல்லி மறுபடி நீட்டினேன். இம்முறை விரல் மறுபக்கம் வரை போனது. படலம் உடையாமல் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. வெகுநேரம் அவர் விரலை எடுக்கவேயில்லை.

மறுநாள் காலை அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்கப் போனேன். குளிரில் உறைந்திருந்த தேங்காய் எண்ணெயை உருக்கி இரண்டு கைகளிலும் வழிய வழியத் தடவிக்கொண்டு, அப்பா கட்டிலருகே நின்றிருந்தார்.

"நீ நவுரு கண்ணு" என்றார்.